டர்போ விளக்கு

சன்னாசி அந்தக் கம்ப்யூட்டரைத் திறந்திருக்கவே கூடாது. ஆனால் ஆயுத பூஜை என்று ஒன்று வந்து, கையில் திருப்புளியும் இருந்து, வேண்டாம் என்று தடுக்க வீட்டில் ஒரு ஆளும் இல்லாமல் போனால் எந்த மனிதர்தான் சும்மா இருப்பார்?

அதுவும் சன்னாசி. காம்பார் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் ஃபேக்டரியின் இஞ்சினை இருபத்தெட்டு வருஷம் கட்டி மேய்த்தவர். ஆயுத பூஜைக்கு முதல் நாள் மத்தியானமே இஞ்சினை நிறுத்திவிடுவார். கழற்ற முடிந்ததை எல்லாம் கழற்றி, டீசல் துணியால் துடைத்து, பல்சக்கரத்தில் ஒட்டிய பழைய கிரீசைச் சுரண்டி எடுத்து, புதுசு பூசி, திரும்ப மாட்டி, அதன் பிறகுதான் சந்தனம், குங்குமம், மாலை. "சாமிக்கு அழுக்கோட பொட்டு வைக்கக் கூடாதுலா" என்பார். துரைமார் மாறினார்கள், கணக்கெழுதும் கிராணிமார் மாறினார்கள், இந்த வழக்கம் மட்டும் மாறவில்லை. பூஜை முடிந்த மறுநாள் அந்த இஞ்சின் ஒரு தடவைகூட மக்கர் பண்ணியதில்லை. அந்தத் தைரியம் ஒரு மனிதருக்குப் போதாதா?

தோட்டத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்று, தொழிலாளர் லயங்களை இடித்த பிறகு அவர் குனோங் ராபாட்டுக்குக் குடிவந்தார். மலை அடிவாரத்தில் வரிசை வீடு. இரண்டு அறை, ஒரு ஹால். மனைவி முத்தம்மா அந்த வீட்டைப் பார்க்கவில்லை. அதற்கு முந்தின வருஷமே ஈப்போ ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்துவிட்டாள். மிச்சம் இருந்தது ஒரே மகன் அர்ச்சுனன். அவன் ஈப்போவில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனபோது, தோட்டத்தில் கைக்கு வந்த பணத்தில் பாதியைக் கொடுத்துத்தான் அந்த மிசினை வாங்கினார்கள். பெட்டி ஒன்று, அதன்மேல் பச்சை எழுத்துத் திரை ஒன்று, தட்டுகிற பலகை ஒன்று. பக்கத்து வீட்டுக்காரி பாப்பா வந்து பார்த்துவிட்டு, "என்னாண்ணே, டிவின்னு சொன்னிங்க, படத்தையே காணோம்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அந்த மிசின் வந்த பிறகுதான் அப்பனும் மகனும் பேச ஆரம்பித்தார்கள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அர்ச்சுனன் முகத்துக்கு நேரே பேசுகிற பிள்ளை இல்லை. அந்த விஷயத்தில் அப்பனை உரித்து வைத்திருந்தான். சாயங்காலம் வந்ததும் ஒரு ஆட்டத்தைப் போட்டுக்கொண்டு உட்காருவான். மலைகளுக்கு நடுவில் குட்டி விமானம் ஒன்று பறக்கும். மோதாமல் ஓட்ட வேண்டும். சன்னாசி பின்னால் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். அவன் கண் திரையில் இருக்கும்போது வாய் தன்னால் திறக்கும். வகுப்பில் நடந்தது, பஸ்ஸில் நடந்தது, எதிர்வீட்டு நாய் கடிக்க வந்தது என்று ஒவ்வொன்றாக வரும். இவரும் அவன் முதுகைப் பார்த்தபடி பதில் சொல்வார். விமானம் மோதினால் பேச்சு நிற்கும். மறுபடி பறந்தால் பேச்சும் பறக்கும்.

எண்பத்தெட்டாம் வருஷம் ஜூலையில் அவனுக்குப் பினாங்கில் ஃபேக்டரி வேலை கிடைத்தது. நான்கு பேர் தங்கும் அறை. மிசின் வைக்க இடமில்லை. "வாரத்துக்கு ஒருதடவ சுவிட்ச் போட்டு அரை மணி நேரம் ஓட வுடுங்கப்பா. இல்லாட்டி உள்ள பூஞ்சணம் புடிச்சிரும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வேறு யாராக இருந்தாலும் இரண்டாவது வாரமே மறந்திருப்பார்கள். சன்னாசி ஒரு ஞாயிறு தவறவில்லை. வாரம் முழுக்க ஓடு செய்யும் ஃபேக்டரி ஒன்றின் வாசலில் பகல் ஜாகா, காவல் வேலை. கேட்டைத் திறக்க வேண்டும், மூட வேண்டும், லாரி நம்பரை எழுத வேண்டும். பேச்சுத் துணைக்கு லாரிக்காரன் ஹாரன்தான். ஞாயிற்றுக்கிழமை காலை கோப்பியை ஊற்றி வைத்துக்கொண்டு மிசின் முன்னால் உட்காருவார். சுவிட்ச் போட்டதும் திரை மூலையில் எண்கள் குடுகுடுவென்று ஏறி, அறுநூற்று நாற்பதில் நிற்கும். அதற்குள் இரண்டு மிடறு கோப்பி குடிக்கலாம். மூன்றாவது மிடறுக்கு நேரம் இருக்காது. பிறகு மகன் சொல்லிக் கொடுத்தபடி இரண்டு எழுத்தைத் தட்டினால் விமான ஆட்டம் வரும். யாரும் தொடாவிட்டால் அது தானாகவே கொஞ்ச நேரம் பறந்து காட்டும். தானாகப் பறக்கும் விமானத்தைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். மகன் அங்கே உட்கார்ந்து ஓட்டுகிறான் என்று நினைத்துக்கொள்வது ஒன்றும் பெரிய கஷ்டமாக இல்லை.

செப்டம்பரில் அர்ச்சுனன் பாப்பா வீட்டுக்குப் போன் பண்ணினான். அந்த வரிசையில் அவள் வீட்டில்தான் டெலிபோன் இருந்தது. புதிய அறைக்கு மாறிவிட்டானாம். சனிக்கிழமைதோறும் கம்ப்யூட்டர் கோர்சில் சேர்ந்திருக்கிறானாம். மார்ச்சில் பரீட்சை. பாஸ் பண்ணினால் மிசின் லைனிலிருந்து டெஸ்டிங் பிரிவுக்கு ஏற்றிவிடுவார்கள். "தீவாளிக்கு வந்து மிசின எடுத்துட்டுப் போயிர்றேன்பா. ரூம்ல வச்சுப் பழகணும்."

"சரிடா" என்றார் சன்னாசி. பாப்பா வீட்டு ஹாலில் அவளும் அவள் புருசனும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறென்ன சொல்வது? மிசின் போய்விட்டால் அவனுக்கு ஈப்போவில் வேறு என்ன இருக்கிறது என்று அப்போதே தோன்றிவிட்டது. வீட்டுக்கு வந்து சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து கையைக் கழுவிவிட்டார்.

இந்த மனநிலையில்தான் ஆயுத பூஜை வந்தது. மகன் எடுத்துப்போகும் முன் மிசினை நல்லபடியாகத் துடைத்துக் கொடுப்போம் என்று நினைத்தார். அவ்வளவுதான் எண்ணம். கெட்ட எண்ணம் ஒரு துளிகூட இல்லை. பெட்டியின் பின்னால் ஐந்து ஸ்க்ரூ. மூடியைக் கழற்றினால் உள்ளே பச்சைப் பலகை. அதன்மேல் மலைப் பக்கத்துச் சுண்ணாம்புத் தூசி மாவு சலித்த மாதிரிப் படிந்திருந்தது. முகச்சவர பிரஷ்ஷைக் கழுவிக் காயவைத்து, மெல்ல மெல்லத் தட்டி எடுத்தார். அப்போது பிரஷ் முடியில் சிக்கி, ஒரு சின்ன பிளக் கழன்று வந்தது. ஆரஞ்சும் வெள்ளையுமாக இரண்டு ஒயர். நுனியில் அரிசி மணி அளவுக்குப் பிளக். பலகையில் ஊசி ஊசியாக நட்டுக்கொண்டிருந்த இடத்தில் குத்துமதிப்பாக அதைத் திரும்பச் செருகினார். மூடியை மாட்டினார். சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. கும்பிட்டார்.

அடுத்த ஞாயிறு சுவிட்ச் போட்டார். எண்கள் ஏறின. இரண்டு மிடறு குடித்தார், மூன்றாவது குடித்தார். எண்கள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தன. ஐந்தாவது மிடறில்தான் அறுநூற்று நாற்பது வந்தது. ஆட்டத்தைப் போட்டார். விமானம் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்கிற கிழவனைப் போல ஊர்ந்தது.

சன்னாசிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெட்டியின் முகத்தில் டர்போ என்று ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினால் வேகம், மறுபடி அமுக்கினால் மந்தம், வேகத்தில் இருந்தால் பச்சை விளக்கு எரியும் என்று மகன் காட்டியிருக்கிறான். அமுக்கினார். விளக்கு அணைந்தது. விமானம் ஊர்ந்தது. மறுபடி அமுக்கினார். விளக்கு அணைந்தது. விமானம் அப்போதும் ஊர்ந்தது. இருபத்தெட்டு வருஷம் இஞ்சின் பார்த்த கை, பிள்ளையின் மிசினைப் பாழாக்கிவிட்டது. திரும்பத் திறந்து பார்க்கவும் பயமாக இருந்தது.

தீபாவளிக்கு அர்ச்சுனன் வந்தான். எண்ணெய் தேய்த்துக் குளித்து, சாப்பிட்டு, மிசின் முன்னால் உட்கார்ந்தவன் கொஞ்ச நேரத்தில் முகத்தைச் சுளித்தான்.

"ஏன்பா இப்படி மெதுவா ஓடுது? டர்போ லைட்டு எரியுது, ஸ்பீட் ஏற மாட்டேங்குது."

"அப்படியா? எனக்கென்ன தெரியும்."

"நீங்க எதும் தொறந்திங்களா?"

"நானா? நான் எதுக்குடா தொறக்கப் போறேன்?"

சொல்லி முடிக்கும்போதே காது சுட்டது. அவன் திரும்பிப் பார்த்திருந்தால் பிடிபட்டிருப்பார். அவன் பார்க்கவில்லை. "போர்டு ரோசாக் போலருக்கு, கெட்டுப்போச்சு" என்றான். கடைக்கு எடுத்துப் போகலாமே என்று ஒப்புக்குக் கேட்டார். "கடைக்காரன் போர்டையே மாத்தணும்பான்பா. நானே பாத்துர்றேன். இதக் கூட பாக்கத் தெரியலன்னா நான் என்னா படிச்சு என்னா?" என்றான். மிசினை அப்படியே விட்டுவிட்டு மூன்றாம் நாள் பஸ் ஏறினான். அவனை அனுப்பிவிட்டுத் திரும்புகிறபோது சன்னாசிக்குத் துக்கமும் இருந்தது. மிசின் வீட்டில்தான் இருக்கிறது என்ற நிம்மதியும் இருந்தது. எது பெரிசு என்று கேட்டால் சொல்லமாட்டார்.

ஆனாலும் அவர் இஞ்சின்காரர். பழுதை வீட்டில் வைத்துக்கொண்டு தூங்க முடியாது. அடுத்த ஞாயிறு மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு மூடியைக் கழற்றினார். அந்த ஆரஞ்சு வெள்ளை பிளக்கைத் தேடினார். ஊசிகள் வரிசையாக நின்றன. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக் குனிந்து பார்த்தார். வெளியே நின்ற ஊசிகள் எல்லாம் மங்கலாக இருந்தன. ஒரே ஒரு ஜோடி மட்டும் புதுத் தையல் ஊசி மாதிரிப் பளபளத்தது, அதன்மேல் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. பிளக் அதற்குப் பக்கத்தில் மங்கலான ஜோடியில் மாட்டியிருந்தது.

அவருக்கு அது போதும். மூடியிருந்த இரும்பு மின்னும், காற்றுப்பட்ட இரும்பு மங்கும். வருஷக்கணக்காக பிளக் உட்கார்ந்திருந்த இடம் எது என்று ஊசியே சொல்கிறது. பிடுங்கி, பளபளக்கிற ஊசியில் செருகினார். சுவிட்ச் போட்டார். எண்கள் குடுகுடுவென்று ஓடி நின்றன.

சன்னாசி சத்தமாகச் சிரித்துவிட்டார். வெறும் வீட்டில் தன் சிரிப்புச் சத்தம் தனக்கே வித்தியாசமாகக் கேட்டது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு நேராகப் பாப்பா வீட்டுக்குப் போனார். பினாங்கில் வீட்டுக்காரச் சீன அம்மாள் போனை எடுத்து, மாடிக்குக் குரல் கொடுத்தாள்.

"அர்ச்சுனா, அந்த மிசினு..."

"நானே போன் பண்ணலாம்னு இருந்தேன்பா" என்று அவன் முந்திக்கொண்டான். "அதப் பத்திக் கவலப்படாதிங்க. இந்த மாசக் கடைசி சனிக்கிழம வாரேன். சரியாவற வரைக்கும் மாசாமாசம் வந்து பாத்துர்றேன். சரியாயிருச்சுன்னா தூக்கிட்டு வந்துருவேன், பரீட்ச முடியிற வரைக்கும் அப்புறம் அந்தப் பக்கம் வர முடியாது. ஆமா, மிசினு என்னா?"

சன்னாசிக்குச் சொல்ல வந்தது நாக்கு நுனியில் இருந்தது. அதை மென்று விழுங்கினார்.

"ஒண்ணுமில்லடா. இன்னும் மெதுவாத்தான் ஓடுது. அதச் சொல்லத்தான்."

வீட்டுக்கு வந்தார். திறந்தே கிடந்த பெட்டி முன்னால் உட்கார்ந்தார். பிறகு பிளக்கைப் பிடுங்கி மங்கலான ஊசியில் மாட்டி, மூடியைப் போட்டு, ஐந்து ஸ்க்ரூவையும் முறுக்கினார். செய்கிறது இன்னது என்று தெரிந்தே செய்தார்.

நவம்பர் கடைசியில் அவன் வந்தான். டிசம்பரில் வந்தான். தைப்பூசத்தை ஒட்டி ஜனவரியில் வந்தான். சனிக்கிழமை காலை பஸ்ஸில் வந்தால் ஞாயிறு சாயங்காலம்தான் திரும்புவான். சன்னாசி சனிக்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டு, விடிந்ததும் பாசாருக்குப் போய்க் கெம்போங் மீன் வாங்குவார். நெத்திலி சம்பல், முருங்கைக்கீரை, அவனுக்குப் பிடித்த எதையும் விடமாட்டார். ஹாலில் பழைய பேப்பரை விரித்து, அதன்மேல் பெட்டியை வைத்து, அர்ச்சுனன் திறப்பான். இவர் எதிரில் சம்மணம் போட்டு டார்ச் பிடிப்பார். ஒவ்வொரு பாகமாகப் பிடுங்கித் துடைத்து மாட்டுவான். நண்பர்கள் சொன்ன யோசனைகள் கைநிறைய. ஒரு தடவை பினாங்கிலிருந்து கறுப்புப் பூச்சி மாதிரி ஒரு சிப் வாங்கி வந்து மாற்றிப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை.

அவன் விரல் அந்த ஆரஞ்சு வெள்ளை ஒயர் பக்கம் போகும்போதெல்லாம் சன்னாசியின் கையில் இருந்த டார்ச் கொஞ்சம் நகரும். "இங்க காட்டுங்கப்பா" என்பான். "கை வலிக்குதுடா" என்று வேறு மூலைக்கு வெளிச்சத்தைக் காட்டுவார். அறுபதை நெருங்கும் மனிதர் செய்கிற காரியமா இது? அவருக்கும் தெரியும். ஆனால் திருட்டுத்தனத்தில் கூட அவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று அவருக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

ஏனென்றால் பேச்சு திரும்ப வந்துவிட்டது. திருப்புளி கையிலும் கண் பலகையிலும் இருந்தால் அர்ச்சுனனுக்கு வாய் தானாகத் திறந்தது. லைனில் வேலை பார்க்கும் சித்தியவான் ஊர்ப் பெண் ஒருத்தியைப் பற்றி இரண்டு தடவை சொன்னான். மூன்றாம் தடவை பேரோடு சொன்னான், செகப்பி. டிசம்பரில் ஒரு ஸ்க்ரூவைத் தேடிக்கொண்டே, "அம்மா கடைசியா என்னாப்பா சொன்னாங்க?" என்று கேட்டான். மூன்று வருஷத்தில் அவன் அதைக் கேட்டதே இல்லை. டார்ச்சைப் பிடித்தபடி சன்னாசி எல்லாவற்றையும் சொன்னார். முத்தம்மா தண்ணீர் கேட்டது, அவன் ஸ்கூல் சட்டைக்குப் பொத்தான் தைக்காமல் வந்துவிட்டதை நினைத்து அழுதது, எல்லாம். அர்ச்சுனன் நிமிரவில்லை. குனிந்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டார்ச்ச நேராப் புடிங்க" என்றான்.

ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏற்றிவிட்டு வந்தால் வீடு கொஞ்ச நேரம்தான் வெறிச்சென்றிருக்கும். அடுத்த மாதம் வருவான் என்ற எண்ணம் வந்து உட்கார்ந்துகொள்ளும். முத்தம்மா போன பிறகு அவர் இப்படி நாட்களை எதிர்பார்த்து வாழ்ந்ததில்லை. மனசின் ஓரத்தில் மட்டும் ஒரு குறுகுறுப்பு இருந்தது. மார்ச் மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் ஒரு நாள் பிளக்கை மாற்றிவிடலாம், யாருக்கு என்ன நஷ்டம் என்று அதன் வாயை அடைத்துவிடுவார்.

பிப்ரவரியில் சனிக்கிழமை வந்தவன் பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். பெட்டியைத் திறக்கவில்லை.

"என்னடா, பேப்பர் விரிக்கட்டுமா?"

"அவசரமில்லப்பா. பரீட்ச எழுத முடியாது இந்த வருஷம்."

"ஏன்?"

"அட்டெண்டன்ஸ் பத்தல. மூணு சனிக்கிழம கிளாஸ் போகல. லிஸ்ட்லேருந்து பேர எடுத்துட்டாங்க."

"எந்த சனிக்கிழம? ஏன் போகல?"

அவன் சிரித்தான். "இங்க வந்தேனேப்பா."

சனிக்கிழமைதான் வகுப்பு என்று அவன் செப்டம்பரிலேயே சொல்லியிருந்தான். பாப்பா வீட்டு ஹாலில் நின்று தன் காதால் கேட்டது. அவன் வருகிற சந்தோஷத்தில் அதை ஒரு தடவையாவது நினைத்துப் பார்த்தாரா? மீன் வாங்கத் தோன்றியது. லீவு சொல்லத் தோன்றியது. அவன் அன்றைக்கு எங்கே இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

"பரவால்லப்பா" என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். "டெஸ்டிங்குக்கு வேற ஆள எடுத்துருவாங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம். மிசினு சரியாகி ரூம்ல இருந்திருந்தா ஒருவேள... சரி, அத வுடுங்க. நான் ஒழுங்கா ப்ளான் பண்ணல."

பழியைக்கூட அவனே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். அதுதான் தாங்க முடியவில்லை. சன்னாசி எழுந்து போய்த் திருப்புளியை எடுத்து வந்தார். பேப்பர் விரிக்கவில்லை. மேசைமேலேயே பெட்டியைத் திருப்பி, ஐந்து ஸ்க்ரூவையும் கழற்றி, மூடியை எடுத்தார். டார்ச்சை மகன் கையில் கொடுத்தார்.

"இங்க அடி."

ஆரஞ்சு வெள்ளை பிளக்கைப் பிடுங்கினார். பக்கத்தில் பளபளத்த ஊசியில் செருகினார். விரல் நகத்து அகலம்கூட நகரவில்லை. சுவிட்சைப் போட்டார். எண்கள் குடுகுடுவென்று ஓடி அறுநூற்று நாற்பதில் நின்றன. இரண்டு எழுத்தைத் தட்டி ஆட்டத்தையும் போட்டார்.

அர்ச்சுனன் முகம் முதலில் மலர்ந்தது. "எப்படிப்பா?" என்றான், சின்னப் பிள்ளை மாதிரி. பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தான். மெல்ல மெல்ல அவனுக்கு விளங்க ஆரம்பித்தது.

"ஆயுத பூஜைக்குத் தொடைக்கிறேன்னு நான்தான் தொறந்தேன்" என்றார் சன்னாசி. "பிளக்கு கழண்டுருச்சு. எடம் மாத்திச் சொருவிட்டேன். அது தெரியாமச் செஞ்சது."

"சரிப்பா, அது..."

"இரு. தீவாளி முடிஞ்ச மறு வாரமே கண்டுபுடிச்சிட்டேன். சரியாவும் பண்ணிட்டேன். அதச் சொல்லத்தான் உனக்குப் போன் பண்ணுனேன். சரியாயிட்டா இந்தப் பக்கம் வர முடியாதுன்னு சொன்ன. அதான் திரும்ப எடுத்துத் தப்பா மாட்டிட்டேன்."

டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அர்ச்சுனன் அதை அணைத்தான். திரையில் யாரும் தொடாத விமானம் முழு வேகத்தில் மலைகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது.

"மூணு மாசமா டார்ச் புடிச்சிங்க" என்றான் அவன்.

"ஆமா."

"நான் அந்தச் சிப்பு வாங்கறதுக்கு ஜோர்ஜ்டவுன் முழுக்க அலஞ்சேன்பா."

"தெரியும்டா. நீதான் சொன்ன."

அவன் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தோட்டத்தில் யாராவது தப்புப் பண்ணினால் வேலை வாங்கும் மண்டோர் கத்துவான், கேட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கலாம். அர்ச்சுனன் கத்தவில்லை. சுவிட்சை அணைத்தான். மூடியை மாட்டினான். அறைக்குப் போய் அட்டைப்பெட்டியைக் கொண்டு வந்து, திரையையும் பெட்டியையும் பழைய சட்டைகளால் சுற்றி உள்ளே வைத்தான். சன்னாசி உதவிக்குக் கை நீட்டியபோது, "பரவால்ல, நான் பாத்துக்குறேன்" என்றான். மீன்குழம்பு அடுப்பில் ஆறிக் கிடந்தது.

டாக்சியில் இருவரும் பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு ஈப்போ பஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். மத்தியான வெயில். பினாங்கு பஸ் புறப்படக் கால்மணி நேரம் இருந்தது. பெட்டியை அடியில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு வந்து, அர்ச்சுனன் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றான். ரோட்டைப் பார்த்தபடி சொன்னான்.

"சும்மா வாடான்னு கூப்புட்டிருந்தா வந்திருப்பேனேப்பா."

சன்னாசி அவன் முகத்தைப் பார்த்தார்.

"வந்திருப்பியா?"

அவன் பொய் சொல்லியிருக்கலாம், இவர் நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். அவன் சொல்லவில்லை. "தெரியலப்பா" என்றான் கடைசியில். பிறகு பஸ்ஸில் ஏறிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தபோது மேசைமேல் மிசின் இருந்த இடத்தில் தூசி படியாத சதுரம் ஒன்று தெரிந்தது. சன்னாசி துணியை எடுத்து மேசை முழுவதையும் துடைத்தார். அந்த வாரம் ஜாகா கொட்டகையில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதும்போதெல்லாம் அவன் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தார். சும்மா வாடா என்று ஏன் கூப்பிடவில்லை? அவருக்கே பதில் தெரியாமல் இல்லை. கூப்பிட்டு அவன் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் அப்புறம் எதைப் பிடித்துக்கொண்டிருப்பது? மிசின் நன்றாக ஓடுவதால்தான் வரவில்லை, வேலை இருந்துதான் வரவில்லை என்று சொல்லிக்கொள்ள ஒரு காரணம் வேண்டியிருந்தது. தனக்காக மட்டும் வரமாட்டான் என்று கேட்க அவருக்குப் பயம். இஞ்சின் பெல்ட் அறுந்து பக்கத்தில் விழுந்தபோதுகூட இவ்வளவு பயந்ததில்லை.

மார்ச் மாதம் முதல் ஞாயிறு காலை பாப்பா வீட்டுக்குப் போனார். பாப்பா தரையில் உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் புருசன் டிவி முன்னால் இருந்தான். "வாங்கண்ணே. மிசினுக்கு என்னா ஆச்சு இப்ப?" என்றாள் அவள், கேலியாக.

சன்னாசி டெலிபோன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நம்பரைச் சுற்றினார். சீன அம்மாள் குரல் கொடுத்தாள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"ஹலோ."

"அர்ச்சுனா, நான்தான்."

"ம். சொல்லுங்கப்பா."

ஹாலில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"ஒண்ணும் பழுதில்லடா. நீ இல்லாம வீட்ல இருக்க முடியல. எனக்கு உன்னப் பாக்கணும். வந்துட்டுப் போ."

பாப்பாவின் கத்தி நின்றது. அவள் புருசன் டிவி சத்தத்தைக் குறைத்தான்.

"இந்த மாசம் ஓவர்டைம் இருக்குப்பா" என்றான் அர்ச்சுனன்.

"சரி."

"அடுத்த மாசம் பாக்குறேன்."

"சரிடா. சாப்புட்டுக்க."

போனை வைத்தார். பாப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது கேலி இல்லை.

"என்னாண்ணே சொல்றான்?"

"வரலையாம்" என்றார் சன்னாசி.

சொல்லிவிட்டு அவர் உடனே எழுந்துவிடவில்லை. பாப்பா கொடுத்த கோப்பியை வாங்கிக் குடித்தார். ஏப்ரல் முதல் ஞாயிறும் வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே நம்பரைச் சுற்றி, காரணம் ஒன்றும் சொல்லாமல் அதையேதான் கேட்டார்.